மருந்து எடுத்தால் எழுத்துப் போய்விடுமா?

இங்கே குரோய்டனில் பின்னேரம் ஆறு மணி, வெளியில் நல்ல இருட்டு. ரொறன்ரோவில் இருந்து இணைந்திருக்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். சிட்னியில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பி வந்து கேட்கிறவர்களுக்கு விசேடமாக நன்றி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியர் அல்ல, ஆய்வாளரும் அல்ல. தாதியர் டிப்ளோமா படித்துவிட்டு, இருபது வருடத்துக்குக் கிட்ட வார்டுகளில் நிற்கிறவள். இரவுக் கடமை முடிந்து வீட்டுக்கு வந்து, தூக்கம் வராத நேரத்தில் கதை எழுதுகிறவள். ஆகவே இன்றைக்கு நான் சொல்லப்போவது, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததும், அதை விளங்கிக்கொள்வதற்காகத் தேடி வாசித்ததும்தான்.

போன உரை முடிந்த பிறகு ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தார். ஐரோப்பாவில் இருக்கிறார், நன்றாக எழுதக்கூடியவர். அவரை அடையாளம் காட்டும் விபரங்களை விட்டுவிட்டு, அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். அவருக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு. சில மாதம் மனம் ஆகாயத்தில் பறக்கும், சில மாதம் பாதாளத்தில் கிடக்கும். வைத்தியர் லித்தியம் கொடுத்திருக்கிறார். "அக்கா, குளிசை போடத் தொடங்கின பிறகு ஒரு வரியும் வருதில்லை. நாவல் பாதியில நிற்குது. நாவல் முடியும் வரைக்கும் குளிசையை நிற்பாட்டினால் என்ன?" என்று கேட்டிருந்தார்.

இந்தக் கேள்வியை அவர் மட்டும் கேட்கவில்லை. நம்முடைய இலக்கியக் கூட்டங்களில் இது வேறு வேறு உருவத்தில் எப்போதும் இருக்கிறது. பைத்தியம் பிடித்தவன்தான் கவிஞன், துன்பப்பட்டால்தான் எழுத்து வரும், மருந்து எடுத்தால் கற்பனை மழுங்கிப்போகும் என்றெல்லாம் கேட்டிருக்கிறோம். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்று பார்ப்பதுதான் இன்றைய உரை.

பக்கத்து வீட்டு மருத்துவமனை

நான் இருக்கிற இடத்தில் இருந்து கொஞ்சத் தூரத்தில், குரோய்டன் எல்லையை ஒட்டி, பெத்லம் றோயல் மருத்துவமனை இருக்கிறது. 1247இல் லண்டனில் பெத்லகேம் மாதாவின் பெயரால் தொடங்கிய துறவிமடம் அது. பிறகு மனநோயாளரைப் பராமரிக்கும் இடமாக மாறியது. பெத்லகேம் என்ற பெயர் சனங்களின் வாயில் தேய்ந்து 'பெட்லம்' ஆகி, கடைசியில் ஆங்கிலத்தில் கூச்சல் குழப்பத்துக்கே அதுதான் சொல் என்றாகிவிட்டது. இயேசு பாலன் பிறந்த ஊரின் பெயருக்கு வந்த கதியைப் பாருங்கள். 1930இல் மருத்துவமனை இப்போதைய இடத்துக்கு வந்தது. உள்ளே ஒரு அருங்காட்சியகமும் ஓவியக் கூடமும் உண்டு. லண்டனில் இருக்கிறவர்கள் ஒருநாள் போய்ப் பாருங்கள், கட்டணம் இல்லை.

இந்த மருத்துவமனையோடு தொடர்புடைய இரண்டு ஓவியர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருவர் ரிச்சர்ட் டாட், 1817இல் பிறந்தவர். றோயல் அக்கடமியில் படித்து, இளவயதிலேயே பெயர் எடுத்த ஓவியர். மத்திய கிழக்கில் நீண்ட பயணம் போய்த் திரும்பிய பிறகு மனம் குழம்பியது. தன் தகப்பன் உண்மையில் தகப்பன் அல்ல, பிசாசு என்று நம்பி, 1843இல் அவரைக் கொன்றுவிட்டார். அடுத்த வருடம் பெத்லத்தில் அடைக்கப்பட்டார். அங்கே இருந்துதான் தேவதைகளும் புல்லும் டெய்சிப் பூக்களும் நிறைந்த தன் மிகப் பெயர்பெற்ற ஓவியத்தை வரைந்தார். இன்று அது டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இரண்டடி உயரம்கூட இல்லாத சின்னப் படம். அதற்கு அவர் கிட்டத்தட்ட ஒன்பது வருடம் எடுத்தார்.

இதைப் பார்த்துத்தான் 'பைத்தியம் தந்த கலை' என்று சொல்கிறார்கள். ஆனால் நடந்ததை ஒழுங்காக வரிசைப்படுத்திப் பாருங்கள். ஓவியத் திறமை நோய்க்கு முன்பே இருந்தது, பயிற்சியும் இருந்தது. நோய் அவரிடம் இருந்து தகப்பனையும் சுதந்திரத்தையும் பறித்தது. வார்டில் வண்ணமும் தூரிகையும் கொடுக்கப்பட்டன. மருத்துவமனையின் நிர்வாகி ஹெய்டன் என்பவர், தனக்கொரு படம் வேண்டும் என்று கேட்டார். அப்படி ஒருவர் கேட்டதால் பிறந்த படம் அது. ஒன்பது வருடம் ஒரே படத்தில் புல்லிதழ் புல்லிதழாக வேலை செய்ய, வெறி அல்ல, பொறுமை வேண்டும்.

மற்றவர் லூயிஸ் வெய்ன். பூனைகளை மனிதரைப் போல வரைந்து இங்கிலாந்து முழுக்கப் புகழ் பெற்றவர். 1924இல் மனநோயாளர் என்று சான்றளிக்கப்பட்டு, ஏழைகளுக்கான வார்டு ஒன்றில் கிடந்தார். அடுத்த வருடம் விஷயம் வெளியே தெரியவர, எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் போன்றவர்கள் குரல் கொடுத்து அவரைப் பெத்லத்துக்கு மாற்ற வைத்தார்கள். அவருடைய பூனைப் படங்கள் சிலவற்றை ஒரு வைத்தியர் பின்னாளில் வரிசையாக அடுக்கினார். முதலில் சாதாரணப் பூனை, பிறகு கண் விரிந்த பூனை, கடைசியில் பூனையே இல்லாத வண்ணக் கோலம். மனச்சிதைவு முற்ற முற்றப் படம் எப்படி மாறுகிறது பாருங்கள் என்று அந்த வரிசை பாடப் புத்தகங்களிலும் ஏறியது. ஆனால் அந்தப் படங்களில் தேதி இல்லை. எது முதலில் வரைந்தது, எது பிறகு வரைந்தது என்று யாருக்கும் தெரியாது. வரிசை அடுக்கியவரின் எண்ணம்தான் அந்தக் கதை. நோயையும் கலையையும் முடிச்சுப் போடுவதில் நாம் எவ்வளவு அவசரக்காரர்கள் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூளைக்குள் என்ன நடக்கிறது

நம் மூளையில் ஒரு நரம்புக் கலத்துக்கும் அடுத்த கலத்துக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைத் தாண்டிச் செய்தி கொண்டுபோகிற வேதிப்பொருட்களில் சிலவற்றின் பெயர் உங்களுக்குத் தெரியும்: டோபமைன், செரட்டோனின், நோரட்ரினலின். யூடியூப்பில் டோபமைன் என்றால் சந்தோஷம், செரட்டோனின் என்றால் அமைதி என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது அவ்வளவு சுலபம் அல்ல. ஒரே பொருள் மூளையின் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு வேலை செய்கிறது. மனச்சோர்வுக்குக் காரணம் செரட்டோனின் குறைவுதான் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு பெரிய மீளாய்வில் சொன்னார்கள். அதனால் மாத்திரை வேலை செய்யாது என்று பொருள் அல்ல. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் போட்டால் குறைகிறது, ஆனால் பரசிட்டமோல் குறைவினால் காய்ச்சல் வருவதில்லை.

டோபமைனைப் பற்றி நல்ல பாடம் தருகிறவர்கள் பார்க்கின்சன் நோயாளிகள். இந்த நோயில் டோபமைன் தயாரிக்கும் கலங்கள் அழிகின்றன. அதனால் அந்தக் குறையை ஈடுசெய்யும் மருந்து கொடுக்கிறோம். அதன்பிறகு சில நோயாளிகள், வாழ்நாளில் தூரிகை தொடாதவர்கள், ஓவியம் வரையத் தொடங்குகிறார்கள். சிலர் கவிதை எழுதுகிறார்கள். மருத்துவ ஏடுகளில் இதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆனால் அதே வகை மருந்து எடுத்த வேறு சிலர் சூதாட்டத்தில் வீட்டையே இழந்திருக்கிறார்கள். தேவையில்லாத சாமான்களை வாங்கி வாங்கிக் குவித்தவர்கள் உண்டு. புதியதை நோக்கி ஓடவைக்கிற விசை ஒன்றுதான். அது கவிதைக்குப் போகுமா, சூதாட்டத்துக்குப் போகுமா என்பதை அந்த விசை தீர்மானிப்பதில்லை. அதைப் பிடித்து நிறுத்தி, தெரிவு செய்கிற வேலை மூளையின் முன்பகுதிக்கு உரியது.

எழுதுகிறவர்களுக்கு இந்த இரண்டும் வேண்டும். பஸ்ஸில் இருக்கும்போதோ கோப்பை கழுவும்போதோ மனம் தன்பாட்டில் அலைகிறது அல்லவா? அப்போது இயங்குகிற மூளைப் பகுதிகளை ஒரு வலையமைப்பாக ஆய்வாளர்கள் 2001 அளவில் அடையாளம் கண்டார்கள். பழைய ஞாபகம், நாளைய கற்பனை, மற்றவர் மனதை ஊகிப்பது எல்லாம் அங்கே நடக்கிறது. கதைக்கு விதை அங்கேதான் கிடைக்கும். ஆனால் விதையை எடுத்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று வெட்டித் திருத்தக் கட்டுப்பாட்டு வலையமைப்பு வேண்டும். நல்ல சிந்தனையின்போது இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன.

இனி மனநிலைக்கு வருவோம். 1987இல் அலிஸ் ஐசன் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு மெழுகுதிரி, ஒரு பெட்டி நிறையக் குத்தூசி, தீக்குச்சி. மெழுகு கீழே சிந்தாமல் திரியைச் சுவரில் பொருத்த வேண்டும். விடை என்னவென்றால், பெட்டியில் உள்ள ஊசிகளைக் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியைச் சுவரில் குத்தி அதன்மேல் திரியை வைப்பது. பெட்டியைப் பெட்டியாகப் பார்க்காமல் தட்டாகப் பார்க்கத் தெரிய வேண்டும். முன்னதாகச் சில நிமிடம் நகைச்சுவைப் படம் பார்த்துச் சிரித்தவர்களில் பெரும்பாலானோர் விடையைக் கண்டார்கள். சாதாரணப் படம் பார்த்தவர்களில் சிலரே கண்டார்கள். லேசான சந்தோஷம் பார்வையை அகலமாக்குகிறது.

கவலைக்குப் பயனே இல்லையா? இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் ஒரு சின்னக் கடையில் காசு மேசைக்குப் பக்கத்தில் சில விளையாட்டுச் சாமான்களை வைத்துவிட்டு, வெளியே வருகிறவர்களிடம் உள்ளே என்னென்ன கண்டீர்கள் என்று கேட்டார்கள். வெயில் நாளில் வந்தவர்களைவிட, மழை நாளில் மனம் மந்தமாக வந்தவர்கள் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். சின்னச் சோகம் நம்மைக் கவனமாக்குகிறது. முதல் வரைவைச் சந்தோஷத்தில் எழுதி, இரண்டாம் வரைவைக் கொஞ்சம் மனம் கனத்த நாளில் திருத்தினால் நல்லது என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு.

ஆனால் இங்கே நான் சொல்வது சின்னச் சந்தோஷம், சின்னச் சோகம். நோய் வேறு. மனச்சோர்வு வந்தவரின் மனம் அலைவதில்லை, ஒரே இடத்தில் செக்கு மாடு போலச் சுற்றுகிறது. மனவெழுச்சி வந்தவருக்கு எண்ணங்கள் வெள்ளமாக வரும், தெரிவு செய்ய முடியாது. பல வருடங்களுக்கு முன் என் வார்டில் ஒரு அம்மா இரவு முழுக்கக் கை துடைக்கும் கடதாசிகளில் எழுதிக்கொண்டே இருந்தார். இது உலகத்தை மாற்றப்போகிற புத்தகம் என்றார். நானும் பேனைகள் எடுத்துக் கொடுத்தேன். சில வாரம் கழித்து, மனம் அமைந்த பிறகு, அந்தக் கடதாசிகளைக் கேட்டு வாங்கி வாசித்தார். வாசித்துவிட்டு, "இதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை, நர்ஸ்" என்று அழுதார். அந்த அழுகையை நான் மறக்கவில்லை.

எண்கள் சொல்வது

நோய்க்கும் கலைக்கும் தொடர்பே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். 1987இல் நான்சி ஆண்ட்ரியாசன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், ஐயோவா எழுத்தாளர் பட்டறையைச் சேர்ந்த 30 எழுத்தாளர்களையும் மற்ற 30 பேரையும் ஒப்பிட்டார். எழுத்தாளர்களில் 80 வீதமானோருக்கு வாழ்வில் ஒரு தடவையாவது மனநிலைக் கோளாறு வந்திருந்தது. மற்றவர்களில் 30 வீதம். சிறிய ஆய்வுதான், நேர்காணல் செய்தவரும் அவரேதான் என்று பிறகு குறை சொன்னார்கள். ஆனால் எல்லோரும் அந்த 80ஐ மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அந்த எழுத்தாளர்கள் நோய் உச்சத்தில் இருந்தபோது எழுதவில்லை, தெளிந்த காலத்தில்தான் எழுதினார்கள் என்று அவர் சொன்னதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

சுவீடனில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2013இல் வெளியான ஆய்வு இன்னும் உறுதியானது. கலை, அறிவியல் துறைகளில் இருக்கிறவர்களுக்குப் பொதுவாக மனநோய் கூடுதலாக இல்லை. இருதுருவக் கோளாறு மட்டும் விதிவிலக்கு. ஆனால் எழுத்தாளர்களைத் தனியே எடுத்தால் பல நோய்கள் கூடுதலாக இருந்தன, தற்கொலையும் கூடுதல். இன்னொரு விஷயமும் வெளிவந்தது. மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு உள்ளவர்களின் நோயில்லாத நெருங்கிய உறவினர்கள் படைப்புத் தொழில்களில் கூடுதலாக இருந்தார்கள். நோயைக் கொண்டுவருகிற பரம்பரைக் கூறுகளில் ஏதோ ஒன்று, சின்ன அளவில் இருந்தால், கற்பனைக்கு உதவுகிறது போலும். அளவு மீறினால் ஆளையே விழுத்துகிறது.

நம்முடைய இருவர்

நம் மொழியில் இதற்குச் சாட்சி சொல்லக் கூடியவர் எம்.வி. வெங்கட்ராம். 1920இல் கும்பகோணத்தில் பிறந்து, பதினாறு வயதில் மணிக்கொடியில் கதை எழுதத் தொடங்கியவர். பட்டுச் சரிகை வியாபாரம் செய்தவர். நடுவயதில் அவருக்குக் காதுக்குள் குரல்கள் கேட்கத் தொடங்கின. பல வருடம் அவை விடவில்லை. அந்த அனுபவத்தைத்தான் 'காதுகள்' நாவலில் மகாலிங்கம் என்ற மனிதனின் கதையாக எழுதினார். 1993இல் அதற்குச் சாகித்திய அக்கடமி விருது கிடைத்தது.

வார்டில் குரல் கேட்கிற நோயாளிகளோடு பழகிய நான் அந்த நாவலை வாசித்தபோது கை நடுங்கியது. குரல்கள் எப்படி ஏசும், எப்படிக் கெஞ்சும், எப்படி ஒன்றோடொன்று வாக்குவாதப்படும் என்று எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு அப்படிச் சொல்லித் தந்ததில்லை. ஆனால் இதையும் கவனியுங்கள். நாவல் வெளிவந்தபோது அவர் எழுபதைத் தாண்டியிருந்தார். குரல்கள் தொடங்குவதற்கு எவ்வளவோ முன்பே அவர் நல்ல எழுத்தாளர். நாவலை எழுதியது குரல்கள் அல்ல. குரல்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்க முடிந்த மனிதர்தான் அதை எழுதினார். நோய் அவருக்குப் பொருளைக் கொடுத்தது. அதைக் கதையாக்கும் திறனை அவர் பதினாறு வயதில் இருந்து சேர்த்துவைத்திருந்தார்.

மற்றவர் ஆத்மாநாம். 1951இல் பிறந்தவர், 'ழ' சிற்றிதழை நடத்தியவர், நவீன தமிழ்க் கவிதைக்குத் தெளிந்த, நிதானமான குரலைக் கொடுத்தவர். மனநிலைக் கோளாறினால் அவதிப்பட்டார். 1984இல், 33 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய நோயை ஒரு ஒளிவட்டம் போலப் பேசுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். எனக்கு அந்த நேரத்தில் ஒரு எண்ணம்தான் வரும். இன்றைக்கு இருந்திருந்தால் அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். அந்த நாற்பது வருடக் கவிதைகளை நோய் நமக்குத் தரவில்லை, நம்மிடம் இருந்து எடுத்துக்கொண்டது.

தம்பிக்கு என் பதில்

இப்போது லித்தியத்துக்கு வருகிறேன். 1949இல் அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் அதன் பயனைக் கண்டு எழுதினார். 1979இல் டென்மார்க் வைத்தியர் மோகன்ஸ் ஷூ, லித்தியம் எடுக்கும் 24 கலைஞர்களிடமும் எழுத்தாளர்களிடமும் தம்பியின் கேள்வியையே கேட்டார். 12 பேர் தங்கள் படைப்பு வேலை கூடியது என்றார்கள். 6 பேர் மாற்றம் இல்லை என்றார்கள். 6 பேர் குறைந்தது என்றார்கள்.

அந்த 6 பேரை நான் மறைக்க மாட்டேன். தம்பி, நீங்கள் சொல்வது பொய் அல்ல. சிலருக்கு அப்படி நடக்கிறது. ஆனால் அதற்குப் பல காரணம் இருக்கலாம். இரத்தத்தில் மருந்தின் அளவு கூடியிருக்கலாம். தைரொயிட் மந்தமாகியிருக்கலாம், லித்தியம் அதைச் செய்யக்கூடியது. அல்லது மருந்தே காரணமில்லாமல், அடியில் மனச்சோர்வு இன்னும் தீராமல் இருக்கலாம். இவை எல்லாவற்றையும் ஒரு இரத்தப் பரிசோதனையோடும் வைத்தியரோடு ஒரு உரையாடலோடும் பார்க்க முடியும். "எனக்கு எழுத்து முக்கியம், எழுத முடியவில்லை" என்று அவரிடம் நேராகவே சொல்லுங்கள். அதுவும் ஒரு நோய்க்குறிதான். திடீரென்று நிற்பாட்டுவது மட்டும் வேண்டாம். லித்தியத்தைச் சடாரென்று நிறுத்தினால் நோய் பழையபடி, சிலவேளை பழையதைவிட வேகமாகத் திரும்பி வரும். பாதி நாவலைப் பிறகு முடிக்கலாம். அதை முடிக்க ஆள் வேண்டும்.

இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. எனக்கும் ஒரு பனிக்காலம் வந்தது. டிசம்பரில் இங்கே பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்லை, ஊரில் பதினொன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. மாறி மாறி இரவுக் கடமை வேறு. முதலில் தூக்கம் போனது, பிறகு பசி, பிறகு சொற்கள். கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் ஒரு பக்கமும் எழுதவில்லை. வார்டில் நோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்கிற கைக்குத் தனக்கு மாத்திரை எடுக்க வெட்கம். ஜெபக் கூட்டத்தில் ஒருவர், விசுவாசம் குறைந்தால்தான் இப்படி வரும் என்றார். ஒரு மூத்த எழுத்தாளர், மருந்து எடுத்தால் எழுத்து செத்துவிடும் என்றார். இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். இரண்டு பேரையும் நம்பி நான் ஆறு மாதத்தை இழந்தேன்.

அந்த நாட்களில் வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசியின் கதையை வாசித்தேன். வனாந்தரத்தில் ஒரு சூரைச் செடியின் கீழ் இருந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்கிறார். தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை, விசுவாசம் குறைவு என்று கண்டிக்கவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். மறுபடி தூங்க விடுகிறான். மறுபடி எழுப்பிச் சாப்பாடு கொடுக்கிறான். ஒரு தாதியாக எனக்கு அது உடனே விளங்கியது. ஆண்டவருடைய மெல்லிய சத்தத்தை எலியா கேட்டது அதற்குப் பிறகுதான். அடுத்த கிழமை குடும்ப வைத்தியரிடம் போனேன். மாத்திரை எடுத்தேன், காலையில் வெளிச்சத்தில் நடந்தேன், இரவுக் கடமையைக் குறைக்கக் கேட்டேன். சில மாதம் கழித்து ஒருநாள், பஸ்ஸில் ஒரு கிழவியின் செருப்பைப் பார்த்தபோது ஒரு வரி வந்தது. பெரிய வரி அல்ல. ஆனால் என்னுடைய வரி.

கடைசியாக ஒரு செய்தி. முன்னர் குரோய்டன் மனநல மருத்துவமனை என்று அழைக்கப்பட்ட வார்லிங்ஹாம் பார்க் மருத்துவமனையில் இருந்துதான், 1954இல், வீட்டுக்குப் போன நோயாளிகளைத் தேடிப் போய்ப் பார்க்கத் தாதியரை அனுப்பும் வழக்கம் இந்த நாட்டில் தொடங்கியது. கதவைத் தட்டி, "எப்படி இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா, குளிசை போட்டீர்களா?" என்று கேட்பதுதான் அந்த வேலை. எழுதுகிற நண்பர்களுக்கு நாமும் இதைச் செய்யலாம். ஒரு கவிஞர் திடீரென்று இரவிரவாகப் பதிவு போட்டுக்கொண்டே இருந்தால், அல்லது மாதக் கணக்கில் சத்தமே இல்லாமல் போனால், லைக் போட்டுவிட்டுப் போகாமல் ஒரு அழைப்பு எடுங்கள். இங்கிலாந்தில் இருக்கிறவர்கள் 111 ஐ அழைத்து 2 ஐ அழுத்தினால், எந்த நேரமும் மனநல உதவிக்கு ஆள் இருக்கிறார்கள். சமாரிட்டன்ஸ் அமைப்பின் இலக்கம் 116 123. மற்ற நாடுகளில் இருக்கிறவர்கள் உங்கள் நாட்டு இலக்கத்தைத் தேடித் தொலைபேசியில் சேமித்து வையுங்கள்.

தம்பி நேற்று மறுபடி எழுதியிருந்தார். குளிசையை நிற்பாட்டவில்லையாம், அடுத்த கிழமை இரத்தப் பரிசோதனையாம். நாவல் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறதாம். நிற்கட்டும். நாங்கள் காத்திருப்போம்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.